வெள்ளரி முற்றுவதற்குள்

தோல் வியாபாரம் படுத்துப்போன வருஷம் அது. மாதனூர்ப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டியிருந்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் பாதிக் குழிகளைக் காயப்போட்டுவிட்டார்கள். தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரையும் நிறுத்திவிட்டார்கள். ராணிப்பேட்டையில் ஒரு ஷாப்பில் ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொங்கல் கழிந்த கையோடு அவர் அங்கே கிளம்பினார். குருத்தோலை ஞாயிற்றுக்கு வந்துவிடுவேன், ஈஸ்டர் முடிந்துதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எனக்கு மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள் நான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

வீட்டில் நானும் நாத்தனாரும் மட்டும்தான். அவருக்கு மூத்தவர், புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நான் அண்ணி என்பேன். கூலிக்கு நாற்று நடவும் களை பறிக்கவும் போவார். அண்ணி அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று டீச்சரம்மா திட்டாத நாள் இல்லை. மாமா ராணிப்பேட்டைக்குப் போன பிறகு அது இன்னும் மோசமானது. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினேன். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே கிணற்றுக்குப் போனேன். அண்ணி கொஞ்ச நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காலை என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து ஆற்றுக்குக் கூட்டிப்போனார்.

தை மாதக் கடைசியில் பாலாறு ஒரு கரையோரமாகச் சுருங்கிவிடும். மற்றதெல்லாம் மணல்தான். ஊரில் நிலமில்லாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மணலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி தண்ணீர் வரும்வரை பயிர் வைப்பார்கள். மேல் மணல் காலைச் சுடும். முழங்கை ஆழம் தோண்டினால் அடியில் ஈரம் தட்டும். அந்தக் குழியில் ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் போட்டு, ஈரத்துணியில் முடிந்துவைத்து முளை கண்ட விதையைப் போடவேண்டும். பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறும். அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றவேண்டும். நாங்கள் வெள்ளரிதான் அதிகம் போட்டோம். எங்கள் ஊர் வழக்கப்படி ஓரத்தில் பாகலும் வெண்டையும், ஈரம் மிகுந்த பக்கத்தில் தண்டுக்கீரையும் போட்டோம். ஆடு நுழையாமல் சுற்றிலும் கருவேல முள் வெட்டி அடைத்தோம். வீட்டுக் கொல்லையில் முள்ளுக் கத்திரி ஏற்கெனவே வேர் பிடித்திருந்தது.

விதை போட்ட மறுநாளிலிருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை. விடிந்ததும் ஆற்றுக்குப் போய்க் குழியை விரலால் கிளறிப் பார்ப்பேன். அண்ணி ஒருநாள் பின்னாலேயே வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"தோண்டித் தோண்டிப் பாத்தா மொளைக்குமா? மூடுடி" என்றார்.

மூடினேன். முளைத்தது. பிறகு கொடி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். பூ விட்டதும் பிஞ்சு எங்கே என்று இலையைப் புரட்டினேன். மாமாவுக்கு வெள்ளரிப் பிஞ்சு என்றால் உயிர். கழுவக்கூட மாட்டார், வேட்டியில் துடைத்துவிட்டு அப்படியே கடிப்பார். ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள் என்பதால் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கறி இல்லை. எல்லாரும் காய்க்கும் கீரைக்கும் அலைந்தார்கள். எங்கள் கொடியில் முதல் பிஞ்சு இறங்கியபோது பக்கத்து மணல்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் இதெல்லாம் முற்றிவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவரோடு ஒரே ஷாப்பில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பங்குனி பிறந்த சமயத்தில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்காக வந்திருந்தார். நான் ஓடிப்போய், மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கான்மா. வேலை ஜாஸ்தி" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் போன ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அன்றைக்கு இரண்டு வேளையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அந்த ஆட்டைப் பார்த்த பார்வையே கண்ணில் நின்றது. அண்ணியிடம் சொன்னேன். ஆம்பளைங்க அப்படித்தான் பேசுவாங்க என்று சொல்லிவிட்டு அவர் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் முன்பே சமைத்துவைத்தேன். பாசிப்பருப்பைக் குழையவிட்டு வெள்ளரிக்காய்க் கூட்டு. முள்ளுக் கத்திரியைக் காம்போடு கீறி, வறுத்த மல்லாட்டைக் கடலையை அரைத்துவிட்டு ஒரு குழம்பு. தண்டுக்கீரைக் கடைசல். களிக்குக் கேழ்வரகு மாவு சலித்து எடுத்துவைத்தேன். அவர் வந்து கால் கழுவும்போது கிண்டினால் சூடாக இருக்கும் என்று கணக்கு. கோயிலில் ஓலை பிடித்துப் பாடியபோதுகூட என் காது சாலைப் பக்கமே இருந்தது. ரயிலடியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகவேண்டும். வெயில் ஏறியது, இறங்கியது. வந்தவர்களில் அவர் இல்லை.

பொழுது சாய்ந்த பிறகு கூட்டு நுரைத்துவிட்டது. அண்ணி தானே மாவைக் கொட்டிக் களி கிண்டி, குழம்பைச் சூடுபண்ணி, என் எதிரில் தட்டை வைத்தார்.

"காய் யாருக்கும் காத்துனு இருக்காது. அவன் வர்றப்ப வரட்டும். நீ துன்னு" என்றார். அப்படிச் சொன்னவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மணலுக்குப் போனேன். வெயில் அப்படிப் பிடித்திருந்தது. முதல்நாள் பச்சையாக இருந்த காய்களின் வயிற்றில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தேன், வளைந்ததே தவிர முறியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம். எனக்கு உட்காரத்தான் வராதே. முற்றாததையெல்லாம் பறித்துச் சேலை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நாளைக்கு ராணிப்பேட்டைக்குப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. தனியாக ரயில் ஏறின பெண் எங்கள் தெருவில் கிடையாது. நான் ரயிலில் போனதே கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, அதுவும் அப்பாவோடு. போகிற இடத்தில் ஆம்பளைகள் மட்டும் தங்குகிற லைன் வீடு, அங்கே போய் எங்கே தங்குவாய் என்று கேட்டார். அவன் வேறு வேலை தேடி வேறு ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். கூடையில் காயை அடுக்கினேன், எடுத்தேன், மறுபடி அடுக்கினேன். கடைசியில் அண்ணி என் கையைத் தட்டிவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்து, அடியில் வாழைச் சருகு பரப்பி, கத்திரி அடியில், வெள்ளரி நடுவில், கீரை மேலே என்று தானே அடுக்கிக் கொடுத்தார். நனைத்த கோணியால் மூடி வாய்க்கட்டுப் போட்டார்.

"அவன் கை கால் நல்லா இருக்கானான்னு பாத்துட்டு வா. பாத்ததும் சண்டை போடாத" என்றார்.

புதன்கிழமை ஆம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்து, பெண்கள் இருக்கிற பெட்டியாகப் பார்த்து ஏற்றிவிட்டார். வண்டி நகர்ந்தது. கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வருகிறபோதெல்லாம் செம்பிலிருந்த தண்ணீரைக் கோணிமேல் தெளித்தேன். எதிரில் இருந்த அம்மா, விற்கிற காயா என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்ன விதம் கொஞ்சம் முரடாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மடியிலிருந்த குழந்தை காட்பாடி வரை அழுதுகொண்டே வந்தது. தாங்காமல் ஒரு பிஞ்சை எடுத்துக் கொடுத்தேன். ஈறால் கடித்துக்கொண்டு அது அமைதியானது. அதற்குப் பிறகு அந்த அம்மாதான் வாலாஜா ரோட்டில் எந்தப் பக்கம் இறங்கவேண்டும், ஜட்கா வண்டி எங்கே நிற்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

ஷாப்பு எங்கே என்று யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை, நாற்றமே வழிகாட்டியது. எங்கள் ஊர் ஷாப்பைவிடப் பெரியது. கொடியில் துணி காய்வதுபோல வரிசை வரிசையாகத் தோல் தொங்கியது. தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை குன்றுபோலக் குவிந்து கிடந்தது. கேட்டில் வெள்ளைத் தாடி வைத்த மேஸ்திரி சாயபு ஒருவர் நின்றிருந்தார். ஊரைச் சொல்லி, அடையாளம் சொல்லி, இன்னாருடைய சம்சாரம் என்றேன். அவர் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவனுக்குக் கை போச்சேம்மா. ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

கூடை என் இடுப்பிலிருந்து நழுவியது. அவர்தான் பிடித்தார். எந்தக் கை, எதுவரை போயிற்று என்று கேட்கவும் நான் நிற்கவில்லை. அவர் பின்னாலேயே ஓடினேன். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி, பட்டை இடிக்கிற கொட்டகையைத் தாண்டிப் பின்பக்கம் தொழிலாளிகள் தங்குகிற லைன். அதன் கடைசி அறை வாசலில் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் இருந்தன. மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது, துணியெல்லாம் எண்ணெய்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. முகம் கறுத்துப்போனது.

"யாரு உன்ன வரச் சொன்னா?" என்று கேட்டார்.

சண்டை போடாதே என்று அண்ணி சொன்னதால், மேஸ்திரி கையிலிருந்து கூடையை வாங்கிக் கீழே வைத்தேன். மேஸ்திரிதான் விஷயத்தைச் சொன்னார். குழியில் தோல் இழுக்கிற ஆள் ஒருவன் நின்றுபோக, இவரே இரண்டு பேர் வேலையைச் செய்திருக்கிறார். சுண்ணாம்பு முதலில் விரல் நுனியைத் தின்றது. பிறகு உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. ஊருக்குப் போனால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, கை ஆறும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆட்டைப் பார்த்துப் பேசினாரே, அந்த எங்கள் ஊர்க்காரர்தான் இவருக்கு வேளாவேளைக்குக் கஞ்சியைக் குவளையில் ஊற்றி வாயில் வைத்திருக்கிறார். வீட்டில் சொல்லாதே என்று இவர்தான் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். சமைக்க இடம் எங்கே என்று மேஸ்திரியைக் கேட்டேன். லைனுக்குப் பின்னால் மதில் வைத்த வீடு அவருடையது. தன் வீட்டுக் கொல்லைக்கு என்னை அனுப்பினார். அவர் வீட்டம்மா கோஷாவில் இருப்பவர், வெளி ஆம்பளைகள் கண்ணில் படமாட்டார். கொல்லைக் கதவை ஒரு கை திறந்தது, நான் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கூடையைப் பிரித்ததும் அவர் குனிந்து கீரையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டார்.

"ஆத்து மண்ணு வாசனை" என்றார்.

அடுப்பு மூட்டிக் கொடுத்தார். காரம் கம்மியாகப் போடு, கஞ்சி மட்டும் குடித்த வயிறு தாங்காது என்றார். கத்திரிக்காயை நான் கீறுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் இதைச் சுட்டுத் தோலை உரித்துப் புளி ஊற்றிப் பிசைவோம் என்று சொன்னார். நாலு காயை அவரிடம் கொடுத்தேன், அவர் தணலில் புதைத்தார். நான் மீதிக் கத்திரியைக் குழம்பு வைத்து, வெள்ளரிக்காயைச் சீவிக் கூட்டு வைத்தேன். பருப்பும் கேழ்வரகு மாவும் அவர் வீட்டில் கொடுத்தது. கீரையைக் கடைந்து, களி கிண்டி உருட்டினேன். இரண்டு பேரும் அடுப்பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவ்வளவு நேரம் வேலை செய்ததில், அவருக்கு அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கொல்லைக் கதவைத் தாண்டத் தேவையே வரவில்லை என்று தெரிந்தது. இதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

லைனுக்குத் திரும்பியபோது மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. குழியிலிருந்து ஏறி வந்த ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சைக் காயைப் பார்த்துப் பல நாள் ஆனது என்று ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தேன். பிறகு அவர் எதிரில் தட்டோடு உட்கார்ந்தேன். களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயருகே நீட்டினேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை ஆம்பளைகள் பார்க்கச் சம்சாரம் ஊட்டிச் சாப்பிடுவதா என்று அவருக்கு வெட்கம். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நீட்டின கையை நான் இறக்கவில்லை. குழம்பு முழங்கை வரை வழிந்தது.

"மாமா, ஆறிப்போவுது" என்றேன்.

கஞ்சி ஊட்டிவந்த எங்கள் ஊர்க்காரர் எழுந்து, தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். அவர் வாயைத் திறந்தார். முதல் கவளம் விழுங்கும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கக் கையில்லாமல் அது தாடை வரை ஓடியது. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். கூட்டு எப்படி என்று கேட்டேன்.

"பாகலுக்குப் பந்தல் போட்டீங்களா, இல்ல மணல்லயே ஓடுதா?" என்று கேட்டார்.

மணலில்தான் ஓடுகிறது என்றேன். காய் வெந்துபோகுமே என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கே அவரை ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நான் பறந்தேன். அவர் வரமாட்டேன் என்றார். வேலை போய்விடும், போனால் அடுத்த ஷாப்பில் இந்தக் கையைப் பார்த்து யார் எடுப்பார்கள் என்று ஒரே பேச்சு. நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் மேஸ்திரி வந்து, தோல் எங்கேயும் ஓடாது, கை ஆறினபிறகு வா, பட்டைக் கொட்டகையில் போடுகிறேன், இனிமேல் சுண்ணாம்பு வேண்டாம் என்றார். இது அவராகச் சொன்னதா, கொல்லையிலிருந்து வந்த சொல்லா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிரவு மேஸ்திரி வீட்டில் பெண்கள் பக்கம் படுத்துக்கொண்டேன். மறுநாள் வியாழக்கிழமை இரண்டு பேரும் ரயில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி ஆற்றில் இருந்தார். வெயில் தணியாத நேரத்தில் தனியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் அங்கே போனதும் தம்பியின் கையைப் பார்த்தார். கொட்டாங்கச்சியைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் மாமா வீட்டில் இருந்தார். கை ஆற ஆறப் புதுத் தோல் ரோஸ் நிறத்தில் வந்தது. உப்புப் பட்டாலும் மணல் பட்டாலும் எரியும். அதனால் வேலி ஓரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு, அங்கே ஊற்று, இங்கே கொடியைத் திருப்பு என்று எங்களை ஏவினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணி சிரித்ததை நான் பார்த்தது அந்த நாட்களில்தான். வைகாசி பிறந்ததும் மாமா திரும்பிப் போனார். சொன்னபடி பட்டைக் கொட்டகையில் வேலை கிடைத்தது. அவர் போன அன்றே எனக்கு மறுபடி கால் தரிக்கவில்லை. அந்தத் தடவை நான் பொறுக்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்கே போய்விட்டேன்.

ஷாப்பைச் சுற்றியிருந்த மண் தோல் கழுவின உப்பில் வெள்ளை பூத்துக் கிடந்தது. லைனுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை பிடித்து, அதன் பின்னால் கீரை விதைத்தேன். முளைத்த இரண்டாம் இலையிலேயே கருகியது. மறுபடி விதைத்தேன், மறுபடி கருகியது. ஒரு விடியற்காலையில் அண்ணி என்னை எழுப்பி, ஊரைத் தாண்டி நடத்திக் கூட்டிப்போனார். எதிரே ஆற்காடு. நடுவில் பாலாறு, எங்கள் ஊரில் பார்த்ததைவிட எவ்வளவோ அகலமாக, முழுக்க மணலாகக் கிடந்தது. அங்கேயும் ஜனங்கள் முள் அடைத்துக் கொடி வைத்திருந்தார்கள். ஒருவரிடம் கேட்டு ஓரமாகக் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டோம்.

மேஸ்திரி வீட்டம்மாவிடம் சொன்னபோது உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தார். தன் பிறந்த ஊரான மேல்விஷாரத்திலிருந்து வந்த பீர்க்கன் விதை, இதையும் போடு என்றார். ஆற்றிலிருந்து திரும்புகிறபோதெல்லாம் கொல்லைக் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். பீர்க்கங்கொடி இன்றைக்கு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, பூ விட்டதா, பந்தல் தாங்குமா என்று நான் குடத்தை இறக்குவதற்குள் கேட்பார். நான் கையை நீட்டி, இவ்வளவு என்று காட்டுவேன். அவர் அந்த அளவைத் தன் கையில் வாங்கிப் பார்ப்பார். நேற்றைவிட ஜாஸ்தியா என்று கேட்பார். ஆமாம் என்பேன். நாளைக்குச் சீக்கிரம் போய்ட்டு வா என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.